நூற்றைம்பதுக்குக் கீழே

இன்செய்ன் போகும் வட்ட ரயிலில்
கீரைக் கட்டுகளுக்கு நடுவே ஒடுங்கி உட்கார்ந்து
என் எண் இறங்கியிருக்க வேண்டும் என்று
வேண்டிக்கொண்டேன்.

போன தையில் இருநூற்றுப் பன்னிரண்டு.
"இன்னும் நல்லாத்தான் இருக்கீங்க" என்றாள் நர்ஸ்,
மன்னிப்புக் கேட்கிற குரலில்.
மருந்து கொஞ்சம். ஆள் நிறைய.
ரத்தத்தில் காவல் நிற்கும் அணுக்கள்
நூற்றைம்பதுக்குக் கீழே போனவர்களுக்கே டப்பா.
பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு முறை தோற்றவன் நான்;
குறைந்த மதிப்பெண்ணுக்கு ஏங்கியது
இதுதான் முதல் தடவை.

கிளினிக் அட்டையில் என் பெயர் தான் நைங்.
பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்டது.
கோயில் ரசீதில், பால்குடச் சீட்டில்
நான் ஆதிமூலம்.
நோயை இத்தனை நாளும்
தான் நைங்கிடமே விட்டுவைத்திருந்தேன்.
தாமுவே தெருவில் கேட்டவர்களிடமெல்லாம்
ஆதிமூலத்துக்கு வெறும் காய்ச்சல்.

பெஞ்சில் பக்கத்தில் கோ மியோ.
தவாயிலிருந்து இரண்டு ராத்திரி பஸ்ஸில் வந்தவன்,
படகு எஞ்சின் பழுது பார்ப்பவன்.
நகக்கண்ணில் இன்னும் கிரீஸ்.
எனக்கு நூற்று நாற்பத்தொன்று.
அவனுக்கு நூற்று அறுபத்துமூன்று.
தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்,
பிறகு எடுத்து மறுபடி பார்த்தான்,
மடிப்பில் கொஞ்சம் குறைந்திருக்குமோ என்பதுபோல.
மழைக்கு ஒதுங்க இடம் கேட்பவன் மாதிரிச் சிரித்து
"அடுத்த தடவை" என்றான்.

தொடங்குமுன் ஒரு துணையாள் வேண்டுமாம்.
தினம் இரு வேளை
மாத்திரை உள்ளே போனதா என்று பார்க்க,
வாழ்நாள் முழுக்க.
அண்ணனிடம் சொன்னால்
புரோட்டாக் கல்லில் என்னைக் கை வைக்க விடமாட்டான்.
பெண்டாட்டி தட்டோனில், தாய் வீட்டில்,
கடிதத்துக்குப் பதில் இல்லை.
யோசித்து யோசித்து
டோ மியா யியை அழைத்துப்போனேன்.
மூன்று லட்சம் கியாட் கொடுத்தவள்.
நான் சாகக் கூடாது என்று
உண்மையாகவே நினைக்கும் ஒரே ஆள்.

நர்ஸ் சொன்னதையெல்லாம்
வட்டிக் கணக்குக் கேட்பதுபோலக் கேட்டாள்.
முதல் பதினான்கு நாள் ஒன்று பாதி அளவு,
தோல் தடித்தால் உடனே வர வேண்டும்,
ஒரு வேளையும் தப்பக் கூடாது.
"தப்பினால்?"
"மருந்து அப்புறம் வேலை செய்யாது."
"கடனும் அப்படித்தான்" என்றாள்.
கையெழுத்துப் போடும்போது
"இந்த ஆதி..." என்று ஆரம்பித்துவிட்டாள்.
நோய்க்கு என் இன்னொரு பெயரும் தெரிந்துபோயிற்று.

அன்று ராத்திரி மின்சாரம் இல்லை.
ஐந்து நிமிடம் முந்தி ஓடும் கைக்கடிகாரத்தோடு
வாசலில் நின்றாள்.
மெழுகுவத்தி வெளிச்சத்தில்
உள்ளங்கையில் அது ஒரு துவரம்பருப்பு அளவு பயம்.
விழுங்கினேன்.
வாயைத் திறந்து காட்டச் சொன்னாள்.
காட்டினேன்.
நோட்டின் இடப்பக்கம் என் கடன்,
வலப்பக்கம் ஒரு கோடு.

பதினோராம் நாள் முதுகு முழுக்கத் தடிப்பு; பிறகு அடங்கியது.
இருபதாம் நாளோ என்னமோ
பசி வந்தது.
இரண்டு வருடமாக முகவரி தெரியாமல் அலைந்ததுபோல்
வந்து உட்கார்ந்துகொண்டு எழவே மாட்டேன் என்றது.
கல்லிலிருந்து எடுத்த புரோட்டாவை
வாடிக்கையாளர் பார்க்கவே தின்றேன்.
அண்ணன் திட்டினான். திட்டு ருசியாக இருந்தது.

ஆவணியில் ஒரு சாயங்காலம்
தெருமுனை மேசைத் தொலைபேசிக்குப் பையன் வந்து கூப்பிட்டான்.
தவாயிலிருந்து கோ மியோ.
அங்கேயே ரத்தம் எடுத்துப் பார்த்தார்களாம்.
"நூற்று இரண்டு!"
சீட்டு விழுந்தவன் குரல். நடுவே இருமல்.
நல்லது என்று சொல்லிவிட்டேன்.
சொன்ன பிறகு நாக்கு எங்கே போவதென்று தெரியாமல் கிடந்தது.
பாலம் உடைந்திருக்கிறது,
தண்ணீர் வடிந்ததும் பஸ் ஏறுகிறேன் என்றான்.
காசு தீர்ந்து லைன் அறுந்தது.

எட்டு மணிக்கு டோ மியா யியிடம் சொன்னேன்.
மாத்திரையை எண்ணி முடிக்கும்வரை பேசவில்லை.
கோடு போட்டுவிட்டுக் கேட்டாள்:

"அந்தப் பையனுக்கு
யாராவது கடன் கொடுத்திருக்கிறார்களா?"